ஸ்பேர் கிடைக்காத வண்டி

2018-ஆம் ஆண்டின் இறுதியில், நாமக்கல்லில் நான் வேலை பார்த்துவரும் சிறிய மென்பொருள் நிறுவனத்தின் முதலாளியிடம், எங்கள் சர்வரின் ஒரு பகுதியை எலிக்சிர் என்ற நிரல்மொழியில் மாற்றி எழுத அனுமதி கேட்டேன். அதற்காக 14 ஸ்லைடுகள் தயாரித்திருந்தேன். பதினான்கையும் பொறுமையாகப் பார்த்து முடித்தவர், "எல்லாஞ் சரிங்க தம்பி, இந்த வண்டிக்கு நாமக்கல்ல ஸ்பேர் கெடைக்குங்களா?" என்று கேட்டார். லாரித் தொழிலிலிருந்து மென்பொருளுக்கு வந்தவர் அவர். எதையும் லாரியாக மாற்றித்தான் யோசிப்பார். அன்று அதைக் கிண்டலாக எடுத்துக்கொண்டு மனம் சலித்துத் திரும்பினேன். எட்டு மாதம் கழித்து அதே கேள்விக்கு ஒரு பக்கம் பதில் எழுதிக்கொண்டு போனபோதுதான் அனுமதி கிடைத்தது. அந்த எட்டு மாதத்தில் நான் திருத்திக்கொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். அதிகம் பேர் பயன்படுத்தாத ஒரு மொழியைத் தம் அலுவலகத்தில் கொண்டுவர நினைக்கும் யாருக்கேனும் உதவலாம்.

முதலில் எங்கள் தொழிலைச் சொல்லிவிட வேண்டும். லாரிகளில் பொருத்தப்படும் ஜிபிஎஸ் கருவிகள் அனுப்பும் தகவலை வாங்கி, வண்டி எங்கே நிற்கிறது, எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது, டீசல் டேங்கின் அளவு திடீரென்று இறங்கியதா என்பதையெல்லாம் உரிமையாளரின் கைபேசியில் காட்டுகிறோம். அப்போது எங்களிடம் ஏறத்தாழ 4,000 கருவிகள் இருந்தன. ஒவ்வொரு கருவிக்குள்ளும் ஒரு சிம் கார்டு உண்டு. கருவி உயிர்பெற்றதும் எங்கள் சர்வருடன் ஒரு டிசிபி இணைப்பை, அதாவது தொலைபேசி அழைப்பைப் போல நீடிக்கும் ஒரு தொடர்பைத் திறந்து, தன் அடையாளமான ஐஎம்இஐ எண்ணை ஒரு பாக்கெட்டில் (சிறு தரவுப் பொட்டலத்தில்) அனுப்பும். எங்களிடம் இருந்த கருவிகளில் பெரும்பாலானவை பேசிய நெறிமுறையில் (தகவல் பரிமாற்ற விதிகளில்), அந்தப் பாக்கெட் 78 78 என்ற இரண்டு பைட்டுகளில் தொடங்கும். அடுத்த பைட் நீளத்தைச் சொல்லும். அதற்கடுத்தது, வருவது உள்நுழைவா, இருப்பிடமா, வெறுமனே "இருக்கிறேன்" என்ற செய்தியா என்பதைச் சொல்லும். 15 இலக்க ஐஎம்இஐ எண், பைட்டுக்கு இரண்டு இலக்கமாக 8 பைட்டுகளுக்குள் அடைக்கப்பட்டிருக்கும். சர்வரிடமிருந்து பதில் வராவிட்டால் கருவி இணைப்பைத் துண்டித்துவிட்டு மறுபடி முயலும்.

பாக்கெட் ஒழுங்காக வரும்வரை இதில் சிக்கல் ஏதுமில்லை. ஆனால் தொப்பூர்க் கணவாய் போல சிக்னல் விட்டுவிட்டு வரும் இடங்களில் கருவி தகவலைத் தன்னிடமே சேர்த்துவைத்துக்கொண்டு, சிக்னல் கிடைத்ததும் மொத்தமாகக் கொட்டும். அப்படிக் கொட்டும்போது பாக்கெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டும் பாதியில் அறுந்தும் வந்து சேரும். எங்கள் பழைய சர்வர், ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களைச் சர்வரில் ஓட்டும் நோட் ஜேஎஸ்ஸில் எழுதப்பட்டது. ஒரே ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல்) அத்தனை இணைப்புகளையும் தாங்கிக்கொண்டிருந்தது. பாதி அறுந்த ஒரு பாக்கெட்டை, முழுப் பாக்கெட் என்று நம்பி எங்கள் நிரல் படிக்கப் போகும், இல்லாத பைட்டைத் தேடும், பிடிக்கப்படாத பிழை எழும், ப்ராசஸ் விழும். ஒரு லாரியின் ஒரு பாக்கெட்டால் மீதமுள்ள வண்டிகள் அனைத்தின் இணைப்பும் ஒரே நொடியில் அறுந்துபோகும். ப்ராசஸ் மறுபடி எழுந்ததும் ஆயிரக்கணக்கான கருவிகள் ஒரே நேரத்தில் வாசலை முட்டும். அந்த முட்டலிலேயே அது இன்னொரு முறை விழுந்த இரவுகளும் உண்டு. ஆறு மாதத்தில் 11 முறை இப்படி நடந்தது. அவற்றில் பெரும்பாலானவை இரவு ஒரு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில், அதாவது லாரிகள் நெடுஞ்சாலையில் அதிகம் ஓடும் நேரத்தில்.

எலிக்சிர் மொழி, எர்லாங் என்ற பழைய மொழிக்காக உருவான மெய்நிகர் எந்திரத்தின் (நிரல்களை ஓட்டும் மென்பொருளின்) மேல் ஓடுகிறது. அங்கே ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனியாக ஒரு ப்ராசஸ் வைத்துக்கொள்ளலாம்; இது இயக்கமுறைமையின் ப்ராசஸ் அன்று, சில கிலோபைட் நினைவகமே கேட்கும் மிகச் சிறிய ஒன்று. ஒரு கருவியின் பாக்கெட் கெட்டுப்போனால் அந்தக் கருவிக்கான ப்ராசஸ் மட்டும் விழும், பக்கத்திலிருப்பவற்றுக்கு அது தெரியவே தெரியாது. பைட்டுகளின் வடிவத்தைச் சொல்லி, அந்த வடிவத்துக்குப் பொருந்துவதை மட்டும் எடுத்துக்கொள்ளும் வசதியும் மொழிக்குள்ளேயே இருக்கிறது. நோட் ஜேஎஸ்ஸில் நாங்கள் 60 வரிகளில் எழுதியிருந்த உள்நுழைவுப் பாக்கெட்டின் பிரிப்பு, எலிக்சிரில் 9 வரிகளில் முடிந்தது. என் 14 ஸ்லைடுகளும் இதையேதான் சொல்லின. நான் வரைந்திருந்த படங்கள் அழகாகவே இருந்தன என்று இப்போதும் நினைக்கிறேன்.

கூட்டத்தில் எங்கள் மூத்த நிரலர் ஒரே வாக்கியத்தில் என் ஸ்லைடுகளைச் சாய்த்துவிட்டார். அந்த இடத்தில் பிழையைப் பிடித்து, அந்த ஒரு இணைப்பை மட்டும் மூடினால் நோட்டிலும் இதே பலன் கிடைக்குமே என்றார். அவர் சொன்னது முழு உண்மை; அடுத்த வாரமே அதைச் செய்தும் காட்டினார், மூன்று வாரம் நிம்மதியாகவும் போயிற்று, பிறகு வேறோர் இடத்தில் வேறொரு பிழை அதே கதையைத் தொடங்கியது. இருந்தாலும் அன்றைய கூட்டத்தில் என்னிடம் அவருக்குப் பதில் இல்லை. முதலாளி அடுக்கிய கேள்விகளுக்கும் இல்லை. ஸ்பேர் கிடைக்குமா என்பது முதல் கேள்வி. "நாளைக்கு நீங்க வேற பக்கம் போயிட்டீங்கன்னா, இத ஆரு ஓட்டறது?" என்பது இரண்டாவது. "வேண்டாம்னு வித்தா, என்ன வெல போவும்?" என்பது மூன்றாவது. மைலேஜைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. நானோ 14 ஸ்லைடுகளிலும் மைலேஜைப் பற்றி மட்டுமே பேசியிருந்தேன்.

நாமக்கல்லில் லாரி வாங்குபவர்கள் எப்படி வாங்குகிறார்கள் என்பதைச் சற்று நின்று பார்த்திருந்தால் எனக்கு இது முன்பே புரிந்திருக்கும். லிட்டருக்கு அரைக் கிலோமீட்டர் கூடுதலாகத் தரும் புதிய வண்டி ஒன்று சந்தைக்கு வந்தாலும், பரமத்தி ரோட்டுப் பட்டறைக்காரருக்கு அதன் கியர்பாக்ஸைக் கழற்றத் தெரியுமா, நாக்பூர் தாண்டி நின்றுபோனால் உதிரிபாகம் எத்தனை நாளில் வரும், எட்டு வருடம் கழித்து விற்கப் போனால் வாங்க ஆள் இருக்குமா என்பதைப் பார்த்துவிட்டுத்தான் பணத்தை எடுப்பார்கள். வண்டி ஓடும் நாட்களைவிட, நின்றுபோகும் நாட்களை வைத்தே அவர்கள் விலையைக் கணக்கிடுகிறார்கள். மென்பொருள்காரர்களான நாம் இதைப் பழமைவாதம் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம்.

நிராகரிக்கப்பட்ட வருத்தத்தில் எர்லாங்கின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். என் முதலாளியின் கேள்விகளை 1998-இலேயே ஸ்வீடனில் கேட்டிருக்கிறார்கள். எர்லாங், எரிக்சன் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் 1986-இல் ஜோ ஆம்ஸ்ட்ராங் தொடங்கிய வேலை. ராபர்ட் விர்டிங்கும் மைக் வில்லியம்ஸும் உடன் சேர்ந்தார்கள். தொலைபேசி இணைப்பகம் நிற்கக் கூடாது, ஒரு அழைப்பில் நேர்ந்த பிழை இன்னோர் அழைப்பைத் தொடக் கூடாது என்பதற்காகவே உருவான மொழி அது. எரிக்சனுக்குள் புதிய இணைப்பகம் கட்டும் ஏஎக்ஸ்இ-என் என்ற பெருந்திட்டம் 1995-இல் கைவிடப்பட்ட பிறகு, ஏஎக்ஸ்டி 301 என்ற ஏடிஎம் இணைப்பகத்தை (பணம் எடுக்கும் எந்திரம் அன்று, தரவு அனுப்பும் ஒரு முறையின் பெயர்) எர்லாங்கில் கட்டினார்கள். அதில் எர்லாங் நிரல் மட்டும் பத்து லட்சம் வரிகளைத் தாண்டியது. அது 1998 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. அதற்கு முந்தைய மாதம், பிப்ரவரியில், எரிக்சன் ரேடியோ சிஸ்டம்ஸ் பிரிவு புதிய தயாரிப்புகளில் எர்லாங்கைப் பயன்படுத்தக் கூடாது என்று முடிவெடுத்திருந்தது.

இந்தக் கதையை நிரலர்கள் சொல்லும்போது, மேலாளர்களின் மடமைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். ஆனால் அவர்கள் சொன்ன காரணத்தைப் படித்தால் அப்படிச் சிரிக்க முடியவில்லை. ஒரு மொழியைத் தேர்ந்தெடுப்பது, செயலியையும் இயக்கமுறைமையையும் தேர்ந்தெடுப்பதைவிட நீண்டகாலத்துக்கு நம்மைக் கட்டிப்போடுகிறது. சொந்த மொழி வைத்துக்கொண்டால் அதன் கருவிகளையும் நாமே காலமெல்லாம் பராமரிக்க வேண்டும். உலகம் முழுக்கப் பயன்படும் மொழிகளில் நடக்கும் முன்னேற்றத்தின் பலன் நமக்குக் கிடைக்காது என்பவை அவர்கள் வாதங்கள். ஸ்பேர், டிரைவர், மறுவிற்பனை என்பதைத்தான் அவர்கள் ஆலோசனைக்குழுவின் மொழியில் எழுதியிருக்கிறார்கள். தடையின் விளைவும் வேடிக்கையானது. அதே ஆண்டு டிசம்பரில் எர்லாங் திறமூலமாக, அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் கூடியதாக, வெளியிடப்பட்டது. அதை உருவாக்கியவர்களில் பலர் வெளியேறி புளூடெயில் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 2000-இல் அதை ஆல்ட்டியான் நிறுவனம் வாங்கியது. 2004-இல் ஆம்ஸ்ட்ராங் மறுபடியும் எரிக்சனுக்கே வேலைக்கு வந்தார். திறமூலமானதால்தான் எர்லாங் ஒரு நிறுவனத்தின் சொந்த மொழி என்ற நிலை மாறியது. மேலாளர்களின் அந்த அச்சத்துக்கு மருந்தும் அந்தத் தடையின் வழியாகவே வந்தது.

2019-இல் இரண்டாம் முறை போனபோது ஸ்லைடுகளைக் கொண்டுபோகவில்லை. நான்கு தாள்கள் மட்டும். முதல் தாளில் மொழியின் பெயரே இல்லை. அந்த ஆறு மாதத்து நஷ்டம் மட்டும் இருந்தது. சர்வர் விழுந்த இரவுகளின் தேதி, எத்தனை நிமிடம், யார் எழுந்து பார்த்தது, மறுநாள் எத்தனை வாடிக்கையாளர் அழைத்தார்கள், யாருக்கு எவ்வளவு மாதக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தோம் என்று கணக்குப் பிரிவிலிருந்து எடுத்து எழுதினேன். இந்தக் காரணத்தையே சொல்லி விலகிய மூன்று வாடிக்கையாளர்களிடம் மொத்தம் 210 வண்டிகள் இருந்தன. வண்டிக்கு மாதம் 250 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 6,30,000 ரூபாய். முதல் முறை நான் பெருமையாகக் காட்டியிருந்த எண் வேறு: சர்வர்களை நான்கிலிருந்து இரண்டாகக் குறைத்து மாதம் 7,000 ரூபாய் மிச்சப்படுத்தலாம் என்பது. ஒரு லாரி ஒருமுறை பெங்களூர் போய்வரும் டீசலுக்கே அது பற்றாது என்று அப்போதே அவர் சிரித்திருந்தார். சர்வர் மிச்சத்தைக் காட்டுவதில் நிரலர்களுக்கு ஏனோ தீராத ஆசை. சிறிய நிறுவனத்தில் அந்த எண் யாரையும் அசைக்காது.

ஸ்பேர் கேள்விக்கு எழுதிய தாளில், எங்களுக்கு உண்மையில் தேவைப்படும் பாகங்களை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டு, எலிக்சிரில் அதற்கான நூலகம் (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல்) இருக்கிறதா, கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது, எத்தனை பேர் பராமரிக்கிறார்கள் என்று எதிரே எழுதினேன். போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்துக்கு நல்ல நூலகம் இருந்தது. டிசிபி இணைப்புகளைக் கையாளும் பகுதி எர்லாங் உலகில் பல ஆண்டுகள் அடிபட்டுத் தேறியது. ஆனால் நாங்கள் பணம் வாங்கப் பயன்படுத்திய பேமென்ட் கேட்வே நிறுவனம் ஜாவா, பிஎச்பி, பைத்தான், நோட் ஆகியவற்றுக்கு மட்டுமே நூலகம் தந்திருந்தது. எக்செல் அறிக்கை தயாரிப்பதற்கும் எனக்கு நிறைவான ஒன்று கிடைக்கவில்லை. எனவே கட்டணமும் அறிக்கையும் பழைய இடத்திலேயே இருக்கட்டும், கருவிகள் வந்து முட்டும் வாசலை மட்டும் மாற்றலாம் என்று எழுதினேன். இல்லாத பாகங்களை நானே முதலில் எழுதிக்காட்டியதால், இருக்கிறது என்று நான் சொன்னவற்றை அவர் நம்பினார் என்பது என் கணிப்பு.

டிரைவர் கேள்விதான் என்னை அதிகம் அலைக்கழித்தது. நாமக்கல்லில் எலிக்சிர் தெரிந்தவர் என்னைத் தவிர வேறு யாரும் எனக்குத் தெரிந்து இல்லை. நானும் வார இறுதிகளில் கற்றவன்தான். இந்த இடத்தில் எல்லோரும் வாட்ஸ்அப்பை இழுப்பார்கள். நானும் இழுத்தேன். எர்லாங்கில் ஓடிய அந்த நிறுவனம் ஒரே சர்வரில் 20 லட்சம் இணைப்புகளைத் தாங்கியதாக 2012-இல் எழுதியது. 2014-இல் ஃபேஸ்புக் அதை 1,900 கோடி டாலருக்கு வாங்க முன்வந்தபோது, 45 கோடிப் பயனர்களுக்கு அங்கே இருந்த பொறியாளர்கள் 32 பேர். ஆனால் அதே தாளில் இன்னொன்றையும் எழுதினேன். ஃபேஸ்புக் தன் சொந்த அரட்டை வசதியை 2008-இல் வெளியிட்டபோது அதன் ஒரு முக்கியப் பகுதி எர்லாங்கில்தான் இருந்தது. பிற்பாடு அதை சி++ மொழிக்கு மாற்றிவிட்டார்கள். மொழியிலிருந்து வெளியேறிய நிறுவனமே, அந்த மொழியில் எழுதப்பட்ட இன்னொன்றை அத்தனை பணம் கொடுத்து வாங்கியிருக்கிறது. இதிலிருந்து மொழியைப் பற்றி என்ன முடிவுக்கு வருவது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. முதலாளி இரண்டையும் படித்துவிட்டு, "அவுங்க பெரிய கை, என்ன வேணா பண்ணுவாங்க. நம்ம கதையச் சொல்லுங்க" என்று தாளைத் திருப்பினார். பெரிய நிறுவனங்களின் எடுத்துக்காட்டு எங்கள் மேசையில் அவ்வளவு நேரமே நின்றது.

எங்கள் கதையாக நான் எழுதியிருந்தது இதுதான். ஆள் தேடப் போவதில்லை. இருக்கும் ஒருவரைப் பழக்கப் போகிறோம். பொறியியல் முடித்து வந்து ஓராண்டே ஆகியிருந்த ஒரு பெண்ணை, அவர் சம்மதத்தோடு, ஐந்து வாரம் பாதி நாள் எலிக்சிர் படிக்கவிட்டு, ஆறாம் வாரம் நான் உதவாமல் ஒரு புதிய வகைக் கருவியின் பாக்கெட்டைப் படிக்கும் நிரலை எழுதச் சொல்வது. முடியவில்லை என்றால் திட்டத்தை அத்தோடு நிறுத்திவிடுவது. இதைப் படித்ததும் முதலாளியின் முகம் தெளிந்தது. "டிரைவர் கெடைக்காத ஊர்ல கிளீனரத்தான் பழக்கோணும்" என்றார். அவரே அப்படி கிளீனராக ஏறி, டிரைவராகி, வண்டி வாங்கியவர். பழகிய கிளீனர் ஒருநாள் வேறு முதலாளியிடம் போவான் என்பதையும் அவரே சொன்னார். ஒருவரைப் பழக்காதீர்கள், இரண்டு பேரைப் பழக்குங்கள் என்றார். திட்டச் செலவு அதனால் கொஞ்சம் ஏறியது.

மறுவிற்பனைத் தாளைத்தான் அவர் இரண்டு முறை படித்தார். எலிக்சிரை விட்டு வெளியேற வேண்டி வந்தால் என்ன செலவாகும் என்பது அதன் பொருள். புதிய வாசல் செய்ய வேண்டியது மூன்றே வேலை என்று அதில் எல்லை வகுத்திருந்தேன்: கருவியிடமிருந்து பாக்கெட்டை வாங்குவது, பிரிப்பது, ஜேசன் என்ற சாதாரண எழுத்து வடிவில், மற்ற நிரல்கள் எடுத்துக்கொள்ளும் ஒரு வரிசையில் போடுவது. வரிசைக்கு அப்பால் உள்ள எதற்கும் இந்தப் பக்கம் எந்த மொழி ஓடுகிறது என்று தெரியாது. நாளை ஜாவாவிலோ கோ மொழியிலோ இதைத் திருப்பி எழுத இரண்டு பேருக்கு 7 வாரம் ஆகும், அதாவது ஏறத்தாழ 1,20,000 ரூபாய் என்று எழுதிக் கீழே கையெழுத்திட்டிருந்தேன். உள்ளே வரும் செலவு 14 வாரம், 2.5 லட்சம். ஆகவே மிக மோசமாகப் போனால் மொத்தம் 3.7 லட்சம் கையை விட்டுப் போகும். முதல் தாளில் இருக்கும் நஷ்டம் ஆண்டுக்கு அதைவிட அதிகம். மொழியின் சிறப்பைப் பற்றி நான் ஒரு சொல்லும் பேசாமலேயே அந்தக் கூட்டம் முடிந்தது. 300 கருவிகளில் மூன்று மாதம் ஓட்டிப் பார்க்க அனுமதி தந்தார்.

நான் கணக்கில் எழுத மறந்த செலவு ஒன்று இருந்தது. கருவியைப் பழைய சர்வரிலிருந்து புதியதற்குத் திருப்ப, அதன் சிம்முக்குப் புதிய முகவரியையும் போர்ட் எண்ணையும் எஸ்எம்எஸ்ஸாக அனுப்ப வேண்டும். 300 கருவிகளுக்கு அனுப்பினோம். 41 கருவிகள் பதில் தரவில்லை. சிலவற்றின் சிம்மில் எஸ்எம்எஸ் சேவையே இல்லை, சிலவற்றின் கடவுச்சொல்லைப் பொருத்தியவர் மாற்றி வைத்துவிட்டு யாரிடமும் சொல்லவில்லை. அந்த வண்டிகள் திருச்செங்கோட்டுக்கோ சேலத்துக்கோ வந்து நிற்கும் நாளைப் பார்த்து, எங்கள் அலுவலகப் பையன் லேப்டாப்போடு பைக்கில் போய் ஒவ்வொன்றாக மாற்றினான். இந்தச் செலவுக்கும் எலிக்சிருக்கும் தொடர்பில்லைதான். ஆனால் அந்த மாதத்து வரவுசெலவில் அது எலிக்சிரின் பெயரில்தான் எழுதப்பட்டது.

சோதனைக் காலத்தில் வாசல் ஒருமுறையும் விழவில்லை. அறுந்த பாக்கெட்டுகள் வந்தன, அந்தந்தக் கருவியின் ப்ராசஸ் விழுந்தது, கருவி மறுபடி இணைந்தது, இரவில் யாரும் எழவில்லை. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த வேளையில், ஓர் உரிமையாளர் அழைத்து, "என்னுங்க, வண்டி மூணு நாளா கிருஷ்ணகிரியிலயே நிக்கிதுன்னு காட்டுது, டிரைவர் நாக்பூர்ல இருந்து பேசறான்" என்றார். பார்த்தால், ஒரு கருவி வகையின் புதிய ஃபர்ம்வேர் (கருவிக்குள்ளேயே ஓடும் நிரல்) இருப்பிடப் பாக்கெட்டில் சில பைட்டுகளைக் கூடுதலாகச் சேர்த்திருந்தது. உள்நுழைவுப் பாக்கெட் சரியாகப் போகும், திரையில் பச்சைப் புள்ளி எரியும்; அடுத்து வரும் இருப்பிடப் பாக்கெட்டில் ப்ராசஸ் விழும்; கருவி மறுபடி இணையும்; மறுபடி பச்சை. 38 வண்டிகள் 9 நாட்களாக இப்படிச் சுழன்றுகொண்டிருந்தன. பழைய நோட் சர்வராக இருந்திருந்தால் மொத்தமும் விழுந்து, அரை மணி நேரத்தில் தொலைபேசிகள் அலறியிருக்கும். விழட்டும் விடு என்ற எர்லாங் உலகின் கொள்கையை நான் படித்திருந்தேன். விழுவதை எண்ணிப் பார்க்க ஒரு ஆள் வேண்டும் என்ற பாதியைச் செயலில் விட்டிருந்தேன். ஒரே கருவி ஒரு மணி நேரத்தில் ஐந்து முறைக்கு மேல் இணைந்தால் எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்குச் செய்தி வரும்படி செய்தது அதன் பிறகுதான். முதலாளியிடம் இதை மறைக்காமல் சொன்னேன். அந்த 38 வண்டிகளுக்கும் ஒரு மாதக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, அதையும் முதல் தாளின் கணக்கிலேயே எதிர்ப்பக்கத்தில் எழுதச் சொன்னார்.

இன்னொரு பதற்றமும் வந்தது. எலிக்சிரை உருவாக்கிய ஜோசே வலிம், பிரேசிலின் சாவோ பாலோவில் இருந்த பிளாட்டஃபார்மாடெக் என்ற நிறுவனத்தின் ஆதரவில்தான் அதை வளர்த்தார். 2020 ஜனவரியில் அந்த நிறுவனத்தின் குழுவை நூபேங்க் என்ற பிரேசில் வங்கி தன்னோடு சேர்த்துக்கொண்டதாகச் செய்தி வந்தது. மொழிக்குப் பின்னால் நிற்கும் நிறுவனமே கைமாறினால் மொழியின் கதி என்ன என்று கேட்க முதலாளிக்கு எல்லா உரிமையும் இருந்தது. நல்லவேளையாக, அவர் கேட்கும் முன்பே பதில் தெரிந்துவிட்டது. வலிம் அந்த வங்கிக்குப் போகாமல் டேஷ்பிட் என்ற தன் நிறுவனத்தைத் தொடங்கி எலிக்சிர் வேலையைத் தொடர்ந்தார். அதற்கும் அடியில் கிடக்கும் எர்லாங்கை எரிக்சனே தொடர்ந்து பராமரித்துவந்தது. அதே நூபேங்க், தான் பெரிதும் நம்பியிருந்த குளோஜர் மொழியின் பின்னால் நின்ற காக்னிடெக்ட் நிறுவனத்தையும் அந்த ஆண்டே வாங்கிவிட்டது. ஸ்பேர் கிடைக்காது என்ற பயம் வந்தால் ஸ்பேர் கடையையே வாங்கிவிடுவது. எங்களுக்கு எட்டாத தீர்வு.

சோதனை முடிந்து ஓராண்டுக்குள் எல்லாக் கருவிகளையும் புதிய வாசலுக்கு மாற்றிவிட்டோம். முதலாளி வைத்த நிபந்தனை ஒன்று மட்டும் இன்றும் தொடர்கிறது. ஒவ்வோர் ஏப்ரலிலும், புதுக் கணக்கு தொடங்கும்போது, மறுவிற்பனைத் தாளை நான் புதிதாக எழுதிக் கொடுக்க வேண்டும். முதல் ஆண்டு 7 வாரம் என்று எழுதினேன். அடுத்த ஆண்டு 9, அதற்கடுத்து 13. இந்த ஆண்டு 22. மூன்றே வேலை என்று வகுத்த எல்லையை நாங்களேதான் தாண்டினோம். டீசல் அளவு சட்டென்று இறங்கினால் எச்சரிப்பதை வரிசைக்கு அப்பால் செய்திருக்க வேண்டும். ஒவ்வொரு வண்டிக்கும் ஏற்கெனவே ஒரு ப்ராசஸ் இருக்கிறதே, முந்தைய அளவை அதுவே நினைவில் வைத்துக்கொள்ளுமே என்று வாசலுக்குள்ளேயே எழுதினோம், இரண்டு நாளில் முடிந்தது. ஓட்டுநரின் ஓய்வு நேரக் கணக்கும் அப்படியே உள்ளே வந்தது. ஒவ்வொன்றும் அந்தச் சமயத்தில் நியாயமாகத்தான் பட்டது. "வண்டி பழசாவப் பழசாவ வெல எறங்கும், இதென்னமோ விட்டுட்டுப் போற செலவு ஏறிட்டே போவுது" என்றார் முதலாளி. மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. டீசல் எச்சரிக்கையை வெளியே எடுக்க மூன்று வாரம் கேட்டிருக்கிறேன்.

தாளின் அடியில் இந்த ஆண்டு புதிதாக ஒரு வரியைச் சேர்த்தேன். வாசலின் நிரலைத் திறந்து, யாரையும் கேட்காமல் மாற்றத் தெரிந்தவர்கள் இப்போது நான்கு பேர். முதலில் பழகிய அந்தப் பெண் சென்னைக்குப் போய்விட்டார். அவர் பழக்கிய இருவர் அந்த நால்வரில் இருக்கிறார்கள். கடந்த பதினான்கு மாதமாக ஒரு வரியும் எழுதாமல் இந்தத் தாள்களை மட்டும் எழுதிக்கொண்டிருப்பதால், என் பெயரை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.